வெள்ளைப் பூ அவளுக்கு

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்கிறார்கள். எனக்குக் கண்தான் எரிந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒன்றுமே இல்லாத ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிர் மேஜையில் அவள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாள். உதடு மட்டும் அசையும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மகரந்தம். அந்த உதட்டை ஊசி நூல் கொண்டு தைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் நான் படித்த கல்லூரியிலேயே தாவரவியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். அவளும் அதே சாரிடம் சேர்ந்தவள். ஒட்டன்சத்திரத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். எங்கள் வேலை இதுதான். ஏரி, குளம், சதுப்பு எதுவானாலும் அடியில் வருஷா வருஷம் சேறு படிகிறது. சுற்றியுள்ள மரம் மட்டைகளின் மகரந்தம் காற்றில் பறந்துவந்து அந்தச் சேற்றில் விழுகிறது. மகரந்தத்தின் தோல் லேசில் மக்காது. ஒரு இரும்புக் குழாயைச் சேற்றில் இறக்கி, புட்டுக் குழாயிலிருந்து புட்டைத் தள்ளுவதுபோல் மண்ணைத் தள்ளி எடுத்து, அடுக்கடுக்காக வெட்டி, மண்ணையெல்லாம் அமிலத்தில் கரைத்துவிட்டு மிஞ்சியதைப் பார்க்க வேண்டும். மேல் அடுக்கில் நேற்றைய காடு, கீழே போகப் போக முப்பாட்டன்களுக்கும் முப்பாட்டன் காலத்துக் காடு. எப்போது மழை செழித்தது, எப்போது பூமி காய்ந்தது, எப்போது மனிதன் காட்டை அழித்துச் சோளம் விதைத்தான், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

மண் நல்ல மண்ணாக வாய்க்க வேண்டும், அவ்வளவுதான். சார் அவளுக்குப் பழனி மலை மேலே ஒரு சதுப்பைக் கொடுத்தார். எனக்கு எரியோட்டுப் பக்கம் ஒரு குளத்தைக் கொடுத்தார்.

"ஒங்க அப்பா ஊருதானேம்மா, போய் வரச் சௌரியமா இருக்கும்" என்றார்.

சௌரியமாம் சௌரியம்! மலைச் சதுப்பு பன்னிரண்டு மாதமும் ஈரமும் குளிருமாக, உள்ளே விழுந்ததை ஊறுகாய் மாதிரி காப்பாற்றி வைத்திருக்கும். எங்கள் குளம் பாதி வருஷம் வெடித்துக் கிடக்கும். காய்ந்து காய்ந்து நனைகிற மண்ணில் மகரந்தத் தோலே அரித்துப்போய்விடும். அவளுக்குத் தலைவாழை இலையில் சாப்பாடு, எனக்குக் கழுவிக் கவிழ்த்த சட்டி. சாரிடம் எதிர்த்துப் பேசவா முடியும்? சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கல்லூரி வேப்பமரத்தைக் காலால் ஒரு உதை விட்டேன்.

சும்மா இருந்தாலே எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவள் அப்பாவுக்குக் காய்கறி மார்க்கெட்டில் வியாபாரம். திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது பை நிறைய முருங்கைக்காயும் அவரைக்காயும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பாள். சார் அவளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அவள் வரைந்த மகரந்தப் படங்களைப் பார்த்தால் அச்சடித்ததுபோல் இருக்கும். மத்தியானம் என் டப்பாவைத் திறந்தால் உரிமையோடு கை நீட்டுவாள். "அக்கா, வெஞ்சனம்னா உங்க வீட்டு வெஞ்சனம்தானுங்க" என்று சப்புக் கொட்டிக்கொண்டு சாப்பிடுவாள். ஒரு தடவையாவது நன்றாக இல்லை என்று சொல்லேன்! திருப்பிச் சண்டை போடவாவது ஒரு சாக்குக் கிடைக்கும். கொடுக்கவே மாட்டாள்.

அறையில் மைக்ராஸ்கோப் இரண்டு இருந்தன. ஒன்று பழசு, அதன் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது. எதைப் பார்த்தாலும் மேகம் மூடினதுபோல் தெரியும். இன்னொன்று புதிது, ஜன்னலோரம் இருந்தது. அதன் முன்னால் ஒரு நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறை தெரியும். நாங்கள் முறை வைத்து மாறி மாறி அதில் உட்காருவோம். எனக்கு நகை, புடவை எதிலும் பெரிய ஆசை கிடையாது. கல்யாணப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் அந்த நாற்காலி வேண்டும். ஒரு துளி சேற்றுக்குள் ஒரு காடே அடங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதை விட்டுவிட்டு வேறு எங்கே போய் உட்காருவது?

இரண்டாவது வருஷம் சாருக்கு ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் கிடைத்தது. அதில் ஒரே ஒரு உதவித்தொகை. கோடை விடுமுறைக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள், இரண்டு பேரும் இதுவரை செய்ததைக் காட்டுங்கள், யாருடையது தேறுகிறதோ அவர் இங்கேயே இருக்கலாம் என்று சார் சொல்லிவிட்டார். மற்றவர் என்ன ஆவார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும். கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா அந்தப் பொங்கலுக்கே கையை விரித்துவிட்டார்.

"இதுக்கு மேல எனக்கு ஏலாது தாயி. இந்த வருஷத்தோட முடிச்சுக்க. பி.எட். சேந்துரு. சிஸ்டர் பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருக்கேன்."

பி.எட். நல்ல படிப்புதான். ஆனால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் வருஷம் கரையோரமாக எடுத்த மண்ணில் ஒன்றும் தேறாததால், குளம் வற்றிக்கொண்டிருந்த மாசி மாதத்தில் அப்பாவையும் ஊர் ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு குழாயோடு போனேன். ஏரியின் மிக ஆழமான இடத்தில்தான் மண் எடுக்க வேண்டும், அங்கேதான் சேறு கலையாமல் படியும் என்று எங்கள் புத்தகம் சொல்லும். குளத்தில் எங்கே ஆழம் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள். "அந்தா, அந்தக் கிடங்குப் பள்ளத்துலதான் கடைசித் தண்ணி வத்தும்." அங்கேயே இறக்கினோம். மை மாதிரிக் கருகருவென்று மண் வந்தது. கோணிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்னம்மா துப்பாக்கியா என்று கேட்டார்.

அந்த மண்ணில் கீழ் அடுக்கு ஒன்றில்தான் முக்கோண மகரந்தங்களைக் கண்டேன். ஒன்றிரண்டு இல்லை, ஸ்லைடு நிறைய. முக்கோணம் என்றால் நாவல். நாவல் ஈரத்துக்கு ஏங்குகிற மரம், ஓடைக்கரையில் வளர்கிற மரம். இன்றைக்கு முள்ளும் பொட்டலுமாகக் கிடக்கிற எங்கள் சீமையில் ஒரு காலத்தில் நாவல் தோப்பாக நின்றிருக்கிறது! நான் எழுந்து ஓடினேன். சார் வந்து பார்த்தார். நிமிர்ந்து, "பரவாயில்லையே கண்ணு" என்றார். என்னைத்தான் சொன்னார்.

நான் உடனே அவள் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு சுருக்கம், ஒரு வாட்டம், ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

"அருமைங்க்கா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு காது வரைக்கும் இருந்தது. எரிச்சலில் கையை உருவிக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். நான் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோர மைக்ராஸ்கோப் அன்று அவள் முறை. நான் அதில் விட்டுவந்த ஸ்லைடை எடுத்து வைக்கும் முன்னால் பார்த்திருக்கிறாள். மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அது நாவல்தானுங்களா?"

"பின்ன? ஒனக்கு மட்டுந்தான் மகரந்தம் தெரியுமோ?"

"அப்படியில்லீங்க்கா. கொஞ்சம் பெருசா இருக்குது. மூலையில தோலும் தடிப்பா இருக்குதுங்க. என்ற மலை மண்ணுல மேல் அடுக்குல இதேதான் கொட்டிக் கெடக்குது. அது தைல மரமுங்க்கா."

நாவலும் தைல மரமும் ஒரே குடும்பம். இரண்டுக்குமே முக்கோண மகரந்தம்தான். ஆனால் தைல மரம் நம் ஊர் மரமே இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து மலையில் நட்டது. அப்புறம்தான் கீழே இறங்கி ரோட்டோரத்துக்கும் குளத்துப் புறம்போக்குக்கும் வந்தது. மலை மண்ணில் அது மேலே இருப்பது நியாயம். என் குளத்தில் ஒரு கை ஆழத்துக்குக் கீழே அதற்கு என்ன வேலை? டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய் அளந்து பார்த்தேன். மூதேவி, சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

அளந்துகொண்டிருக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கிடங்கு ஏன் ஆழம்? கோடையில் குளம் வற்றியதும் ஊரே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து அங்கேதான் கரம்பை மண் வெட்டும். வெட்டிக்கொண்டு போய் வயலில் பரப்பினால் அந்த வருஷம் உரமே வேண்டாம். வெட்டின பள்ளத்தை அடுத்த மழை மேலே கிடக்கும் மண்ணைக் கொண்டுவந்து மூடும். அடுத்த கோடையில் மறுபடி வெட்டுவார்கள். நாலாம் வகுப்பு லீவில் அந்த மண் வண்டியின் மேல் உட்கார்ந்து வயல் வரைக்கும் போனவள் நான்! புத்தகம் எழுதினவன் ஊரில் ஏரியை யாரும் வெட்டி வயலுக்கு அடிப்பதில்லை, அவனுக்குத் தெரியாது. எனக்கு எங்கே போனது புத்தி? ஆழமான இடம் எது என்று ஊரைக் கேட்டு, ஊர் அதிகமாகத் தோண்டின இடத்திலேயே போய்க் குழாயை இறக்கியிருக்கிறேன்.

அவள் இதைச் சாரிடம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் வெளியூர் ஆட்கள் முன்னால் நான் மானம்கெட்டிருப்பேன், நாற்காலி அவளுக்குப் போயிருக்கும். அதையும் செய்யவில்லை. டீக்கு வந்த இடத்தில் யாருக்கும் கேட்காமல் என்னிடம் மட்டும் சொன்னாள். இப்படிப்பட்டவளை எப்படித்தான் திட்டுவது? எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அவளைத் திட்ட முடியவில்லையே என்றுதான்.

வெட்டாத மண் எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். குளத்துக்குள் ஒரே ஒரு இடம் இருந்தது. கிடங்கை ஒட்டி ஒரு திட்டு. அதன் மேல் கருப்பு நிற்கிறார், ஒரு ஆள் உயரக் கல். அந்தத் திட்டைச் சுற்றி யாரும் மண்வெட்டி போட மாட்டார்கள். கோயில் பக்கமே போகாத எங்கள் வீட்டு ஆட்கள்கூட வண்டியை அங்கே ஒதுக்கித்தான் ஓட்டுவார்கள். திட்டின் அடிவாரம் கடைசி வரைக்கும் ஈரமாகவும் இருக்கும். அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். "நான் வாரனுங்க்கா, குழாய் புடிக்க ஒரு ஆள் வேணுமில்லீங்க?" என்று அவள் கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

ஊரில் பெரியவர்கள் ஐந்தாறு பேர் குளத்துக்கரையில் கூடிவிட்டார்கள். பூசாரி தலையை ஆட்டினார்.

"கருப்புகிட்டக் கேக்காம ஆரும் அங்கன கை வைக்க முடியாது தாயி. பூப் போட்டுப் பாத்துருவோம்."

"நான் வேதக்காரியாச்சே. எனக்கு எப்பிடிச் சொல்லும்?"

"அந்தப் பேதமெல்லாம் அவருக்குக் கெடையாது. ஒங்க அப்பா கெணறு வெட்டக் கேட்டப்பவே குடுத்தாருல்ல?"

அப்பா பூக்கேட்டுத்தான் கிணறு வெட்டினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழை இலைத் துண்டில் மடித்துக் கட்டி, பூசாரி கல்லின் காலடியில் போட்டு உருட்டினார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. குளத்துக்குள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். நான் என் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் இலையைப் பிரித்தாள். சிவப்பு.

"வேண்டாங்குறாரு தாயி" என்றார் பூசாரி, எனக்காக வருத்தப்பட்டுத்தான்.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"அதெப்பிடி? சொன்னது சொன்னதுதான். செத்தப் பொறு, கூட வந்த இந்தப் புள்ள யாரு? ரெண்டு பேரும் ஒரே சோலிக்குத்தானே வந்திருக்கீக? அதும் கேக்கட்டும்."

அவள் பின்வாங்கினாள். "எனக்கெதுக்குங்க? இது அக்கா குளமுங்க."

"கொளம் ஆரு கொளமா இருந்தா என்ன, கேளு புள்ள" என்று எல்லோருமாகச் சேர்ந்து அவளை முன்னால் தள்ளினார்கள். மறுபடி இலை, மறுபடி உருட்டு. புல்லறுத்த பெண் பிரித்தாள். வெள்ளை. பளீரென்று வெள்ளை. குடுத்துட்டாரு, குடுத்துட்டாரு என்று ஊரே சந்தோஷப்பட்டது. ஒருத்தர் அவளுக்குக் குடிக்க மோர் கொடுத்தார்.

பூ வந்தவள்தான் குழாயில் கை வைக்கலாம், வராதவள் திட்டுப் பக்கம் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கரை மேலே நின்றேன். என் அப்பா ஊர், என் குளம், என் குழாய். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஊர் ஆட்களோடு சேர்ந்து குழாயை அமுக்கினாள். "அப்படித்தாம்மா, அப்படித்தான்" என்று பூசாரி வேறு அவளுக்கு ஊக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். மாதாவே, உனக்கு இந்தக் குளத்தில் ஒரு செல்வாக்கும் இல்லையா என்று மனசுக்குள் கேட்டேன். சார் அவள் பக்கம், புத்தகம் அவள் பக்கம், இப்போது முறுக்கு மீசை வைத்த சாமியும் அவள் பக்கம். அப்புறம் நான் எதற்கு?

அந்த மண்ணைக் கரையில் வைத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. நீலம் பாய்ந்த களிமண், மேலே சாம்பல் நிறம், நடுவில் மெல்லிய கோடு கோடாக அடுக்கு. யாரும் தொடாத மண். மறுநாள் ஆய்வகத்தில் குழாயைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"இந்தாங்க்கா."

"நீயே வச்சுக்க. கருப்பு ஒனக்குத்தானே குடுத்தாரு" என்றேன்.

"அட, அதுக்காக எனக்குச் சொந்தமாயிருமுங்களா? எடுத்து வைங்க்கா, காஞ்சுபோயிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் நான் பிளாஸ்டிக் பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்தேன். சார் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் குரல் கேட்டது.

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. மலை மண்ணும் நீ எடுத்தது, கொளத்து மண்ணும் நீ எடுத்தது. ரெண்டையும் சேத்து ஒண்ணாப் போடு. மேல மழை பெஞ்சப்போ கீழ என்ன ஆச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டு. அப்பிடிக் காட்டிட்டா ஒனக்குத்தான்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதை நிறுத்தவில்லை.

"இல்லீங்க சார். அது அக்கா குளமுங்க. அவங்களே பாக்கட்டும்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. என் நாற்காலியைத் தூக்கி அவள் கையில் கொடுக்கிறார், அவள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறாள். என் பிழைப்பு அவள் தருமத்தில் தொங்குகிறது. அந்த மண்ணை அவள் மூஞ்சியில் எறிந்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். எறியவில்லை. அதைவிட நல்ல மண் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று தெரியும்.

பங்குனி முழுக்க எண்ணினேன். அடியில் வாகையும் இலுப்பையும் இன்னும் பேர் தெரியாத மரங்களும் இருந்தன. அதற்கு மேலே மரம் குறைந்து புல் ஏறியது. பிறகு வறண்ட பூமியில் முளைக்கிற கீரைக் குடும்பச் செடிகள் மட்டும் ஒரு பட்டையாக நின்றன. அந்தப் பஞ்சப் பட்டையைத் தாண்டியதும் மரம் கொஞ்சம் திரும்பியது. கூடவே தானியப் பயிர் வந்தது. தைல மரம் கடைசியில், மேற்பரப்பில் மட்டும், எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. அதைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தேன். எதிர் மேஜையிலிருந்து அவளும் என்ன என்று கேட்காமலே சிரித்தாள்.

வெளியூர் ஆட்கள் வந்தார்கள். முதலில் அவள் பேசினாள், மலையைப் பற்றி மட்டும். சுத்தமான வேலை, ஒரு பிசிறு இல்லை. அடுத்து நான் பேசினேன். வந்தவர்களில் ஒரு அம்மாள், ஆழத்தை விட்டுவிட்டுத் திட்டின் அடிவாரத்தில் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். கிடங்கு, கரம்பை, கருப்பு, பூ எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"பூ யாருக்கு வந்தது?" என்று கேட்டார்.

"அவளுக்கு" என்றேன். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மலையை ஏற்கெனவே பலர் பார்த்திருக்கிறார்கள், சமவெளிக் குளத்தில் இப்படிக் கலையாத மண்ணை இப்போதுதான் பார்க்கிறோம் என்று சொல்லி எனக்கே கொடுத்துவிட்டார்கள். சார் தொங்கிய முகத்தோடு வந்து சொன்னார். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "சந்தோஷமுங்க்கா" என்றாள். அவள் முகத்தை நான் மறுபடி தேடினேன். மறுபடி ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். ஒரு வருஷத்துக்குள் காய்கறி மண்டிக்காரர் ஒருவரோடு கல்யாணம் ஆனது. பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆராய்ச்சி முடிந்தது, பட்டம் வந்தது, அதே கல்லூரியில் வேலையும் கிடைத்தது. இனிமேலாவது பொறாமை ஓயும் என்று பார்த்தால், அது பஸ் ஏறி ஒட்டன்சத்திரத்துக்குப் போய்விட்டது. அவளுக்கு வீடு கட்டினார்களாம், பிள்ளை பிறந்ததாம், மாமியார் தாங்கு தாங்கென்று தாங்குகிறாளாம். யாராவது ஒருவர் வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் கழித்து, மிச்சம் வைத்திருந்த அந்த அடி மண்ணை மறுபடி கரைத்துப் பார்த்தேன். ஒரு மகரந்தம். ஒன்றே ஒன்று. உருண்டை, கனத்த தோல், நாலு பள்ளம், மேலே நகக்கீறல் போல வரிகள். எங்கள் மாதிரி ஸ்லைடுகள் எதிலும் அது இல்லை. புத்தகங்களிலும் இல்லை. படமெடுத்து வடக்கே பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினேன், தெரியவில்லை என்று பதில் வந்தது. சார் ஓய்வுபெற்று மகனோடு போய்விட்டார். கூட வேலை பார்ப்பவர்களிடம் காட்டினேன். நல்லா இருக்கு மேடம் என்றார்கள். நல்லா இருக்காம்! எது மகரந்தம் எது தூசி என்றே அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஜில்லாவில் இதைப் பார்த்து வாயைப் பிளக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். போன் போட்டேன். "வாங்க்கா, வாங்க்கா" என்றாள், நேற்றுப் பேசி வைத்த மாதிரி.

மண்டிக்குப் பின்னால் அவள் வீடு. வாசலிலேயே வெங்காய வாசம் அடித்தது. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். கழுத்தில் கனமான செயின். புருஷன் மண்டியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அடுப்படியில் பெரிய ஜன்னல், வெளிச்சம் கொட்டியது. இவளுக்கு மட்டும் எங்கே போனாலும் ஜன்னலோரம் வாய்த்துவிடுகிறது என்று எரிச்சலோடு மணையில் உட்கார்ந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் போட்டாள். எல்லாமே நன்றாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

படத்தை எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "எத்தனை மைக்ரானுங்க? துருவத்துல எப்படி இருக்குது? பள்ளத்துக்கு நடுவுல ஓட்டை இருக்குதுங்களா?" ஒன்றைக்கூட மறக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் பாத்ததே இல்லீங்க்கா."

"ஒனக்குமா தெரியல?"

"தெரியலீங்க."

"நெசமாவா?" எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னேன்.

அவள் சோற்றைப் போட்டாள். ரசத்தை ஊற்றினாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"குடுத்திருக்கக் கூடாதுங்க்கா."

"எத?"

"அந்தக் குழாய." குரல் மாறியிருந்தது. "பெரிய இவளாட்டம் உங்க மேசையில கொண்டுவந்து வெச்சேன். சார் அம்புட்டு சொல்லியும் கேக்கல. அன்னைக்கு என்ன கிறுக்குப் புடிச்சுதோ. கடைசியா ஊருக்குப் போறப்ப பஸ்ஸுல ஒட்டன்சத்திரம் வரைக்கும் அழுதுட்டேதான் வந்தேன். அந்தச் சேர்ல நீங்க உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சா இன்னைக்கும் வயிறு காந்துதுங்க்கா. உங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. இத்தன வருசமா ஆகாது."

கண்ணில் நீர் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தடவை அந்த முகத்தில் நான் தேடினது அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அவளை முதல் முதலாகப் பிடித்துப்போனது. அவ்வளவு பிடித்தது. எச்சில் கையோடு எழுந்து கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஸ்லைடைக் கேட்டாள். கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெறும் கண்ணுக்கு என்ன தெரியும்? மகரந்தத்துக்கு ஏற்றின சாயத்தின் இளஞ்சிவப்பு மட்டும் தெரியும், நான் மையால் வைத்த புள்ளி தெரியும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது என்று சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இத இங்கயே விட்டுட்டுப் போறீங்களா?"

என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அந்த மண் தீர்ந்துபோயிருந்தது. இனி ஒரு முறை கருப்பிடம் கேட்டாலும் அதே மகரந்தம் அகப்படப்போவதில்லை.

"வச்சுக்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்லைடை என் கைக்குட்டையில் பதமாகச் சுற்றினாள். என் பையைத் திறந்து அடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வேண்டாமுங்க்கா" என்றாள். "குடுத்துப்போட்டா அப்பறம் தூக்கம் வராது. பட்டவ சொல்றேன், கொண்டுட்டுப் போங்க."